ஒரு சிட்டிகைத் திருநீறு

அப்புத்துரையின் கோணல் கையெழுத்து ஒட்டுநாடாவில் இருந்தால் போதும், ஆபரேஷன் தியேட்டரில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில், ஆட்டோகிளேவ் அறையில், மனுஷன் இருபத்திரண்டு வருஷமாக வெந்துகொண்டிருந்தார். அறுவைக்குப் போகிற போர்வைத் துணி, கவுன், கத்தி, கத்தரி எல்லாம் அந்த அறையில்தான் மடித்துக் கட்டப்படும். பிறகு இரும்புப் பெட்டிக்குள் கொதிக்கும் நீராவியில் கிருமி சாக வெந்து, மூன்றாம் மாடிக்குப் போகும். கட்டின்மேல் ஒட்டுகிற நாடாவில், சூடு சரியாகப் பட்டிருந்தால் கறுப்புக் கோடுகள் தெரியும். கோடு தெரிந்தாலும் டோரதி சிஸ்டர் அதை நம்பமாட்டார். அப்புத்துரையின் கையெழுத்தைத்தான் நம்புவார். டோரதி என்றால் தியேட்டருக்கே தலைமைத் தாதி. டாக்டர்களே அவரைக் கண்டால் செருப்பைச் சரியாகப் போட்டுக்கொள்வார்கள்.

சுத்தம் என்று வந்துவிட்டால் அப்புத்துரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். அவர் அறைக்குள் பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது. மோதிரம் கூடாது. தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். வேலைக்குக் கிளம்பும்போது நெற்றித் திருநீற்றைக்கூட வாசலிலேயே துடைத்துவிடுவார். "சாமி வீட்டுல இருக்கட்டும், எங்கேயும் போயிடாது" என்பார். வீட்டில் துவாலை மடித்தாலும் தியேட்டர் மடிப்புதான். நாலு ஓரமும் உள்ளே போக வேண்டும், ஒரு முனை மட்டும் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காதைப் பிடித்து இழுத்தால், உள்பக்கம் கை படாமல் துணி விரியும். அவர் மனைவி செல்வநாயகி அந்தக் காதைத் திருகித் திருகிக் கேலி செய்வாள். "முகம் துடைக்கத்தானே போறோம்? இல்ல, யாரையாவது அறுக்கப் போறோமா?"

அதே அறையில் நோர்மாவும் வேலை பார்த்தாள். மலாய்க்காரி. ஆனால் சுங்கை பாக்காப் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள், தமிழில் நம்மைவிட நன்றாகத் திட்டுவாள். நாற்பது தாண்டியவள், பதினோரு வருஷ அனுபவக்காரி. இருந்து என்ன? அவள் கட்டுகிற ஒவ்வொரு கட்டையும் அப்புத்துரை பிரித்துப் பார்ப்பார், திரும்பக் கட்டுவார், தன் கையெழுத்தைப் போடுவார். கேட்டால் ஒரே காரணம்தான் சொல்வார்: "கட்டும்போது உன் வாய் அசையுது. மாஸ்க்குக்குள்ள என்ன பேச்சு? கவனம் கையில இருக்கா, வாயில இருக்கா?"

"சரிலா அண்ணே, பிரிங்க பிரிங்க" என்று கட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பாள் நோர்மா.

ஒரே ஒரு தடவைதான் அவள் அழுது அவர் பார்த்தார். அது கிளவுஸ் மாவு விஷயம். அந்தக் காலத்தில் ரப்பர் கிளவுஸைக் கழுவி, உள்ளே கை வழுக்கிப் போக மாவு தூவி, வேகவைத்துத் திரும்ப உபயோகிப்பார்கள். ஒருநாள் டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா தானே கீழே இறங்கி வந்துவிட்டார். வெளிநாட்டுப் பத்திரிகையில் எதையோ படித்திருக்கிறார். "வெளிப்பக்கம் மாவு இருக்கக்கூடாது அப்புத்துரை. வேகவச்சா கிருமி செத்துடும், சரி. மாவு சாகுமா? வயித்துக்குள்ள போனா அங்கேயே தங்கிடும். குடலோட குடல் ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நோர்மா கட்டிய ஒரு ஜோடியில் மாவு திட்டாக இருந்தது. அப்புத்துரை அறையே அதிரக் கத்தித் தீர்த்தார். "மனுஷன் வயிறுன்னா உனக்குப் பலகாரச் சட்டியா?" நோர்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முப்பது ஜோடியையும் திரும்பக் கழுவினாள். அதற்குப்பின் அந்த அறையிலிருந்து போன எந்தக் கிளவுஸிலும் வெளியே மாவு இருந்ததில்லை.

இப்படிப்பட்ட மனுஷனின் மனைவிக்குத்தான், எண்பத்திரண்டாம் வருஷம், பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டார்கள். கீறித்தான் எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை முதல் ஆபரேஷன், டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜாவே செய்வதாக ஏற்பாடு.

செல்வநாயகி பயப்படவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் வார்டில் போய்ப் பார்த்தபோது அவள்தான் இவரைத் தேற்றினாள். "உங்க கையால கட்டுன துணியைத்தானே என் மேல போர்த்துவாங்க? அப்புறம் என்ன?" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு கைக்குட்டையை நீட்டினாள். அதில் அவள் தாலிக்கொடியும் தோடும் இருந்தன. நகையெல்லாம் இன்றைக்கே கழற்ற வேண்டும், நாளைக்குக் காலையில் பொட்டும் இருக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாளாம். கூடவே ஒரு சின்னக் காகிதப் பொட்டலம், தண்ணீர்மலை முருகன் கோயில் திருநீறு. "உங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. நாளைக்கு வெளியில உட்கார்ந்து பயமா இருந்தா, உங்க நெத்தியில பூசிக்கோங்க."

அவர் பொட்டலத்தைப் பார்க்கவில்லை, அவள் கழுத்தைத்தான் பார்த்தார். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கழுத்தை அவர் வெறுமையாகப் பார்த்ததே இல்லை. தாலி கிடந்த இடத்தில் ஒரு வெளுத்த கோடு மட்டும் இருந்தது. கொடுத்ததை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து கீழே வந்துவிட்டார்.

கீழே வந்தவர் அவளுக்கான துணிக்கட்டைத் தானே கட்ட உட்கார்ந்தார். நோர்மா பக்கத்து மேஜையில் வேறொரு கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கவுன்களை மடித்தார். துவாலைகளை அடுக்கினார். கடைசியில் நடுவில் துளை உள்ள பெரிய போர்வைத் துணி. அந்தத் துளை வழியாகத்தான் டாக்டர் கத்தியை வைப்பார். அப்புத்துரையின் விரல்கள் அந்தத் துளைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அவள் கழுத்து ஞாபகம் வந்தது.

பாருங்கள், இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் தும்மலுக்குக் கூடக் கணக்குக் கேட்ட மனுஷன் என்ன செய்தார்! சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். ஒரு சிட்டிகைத் திருநீற்றைக் கிள்ளி, துளையை ஒட்டிய மடிப்புக்குள் வைத்தார். துணி அவள் மேல் விரியும்போது கத்திக்கு முன்னால் முருகன் இறங்கட்டும் என்று நினைத்தார். திருநீறு ஏற்கெனவே நெருப்பில் வெந்த சாம்பல்தானே, நீராவியிலும் ஒரு தடவை வேகப்போகிறது, அதில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். கட்டி முடித்து, நாடா ஒட்டி, கையெழுத்துப் போட்டு, "செல்வநாயகி" என்று எழுதி ஆட்டோகிளேவுக்குள் வைத்தார். வெந்து வெளியே வந்தபோது கறுப்புக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. நோர்மாவின் கட்டும் கூடவே வெந்து மேலே போனது. அதைப் பிரித்துப் பார்க்க அன்றைக்கு அவருக்கு மனசு இல்லை, பத்து நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குத் தள்ளுகட்டிலில் அவளை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். அப்புத்துரை கூடவே நடந்தார். தியேட்டர் நடைபாதையில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் கழுவிய கால், பச்சை உடுப்பு, மாஸ்க் இல்லாமல் யாரும் போகக்கூடாது. கோட்டருகே நின்றுவிட்டார். நெற்றியில் பொட்டில்லாமல் அவள் முகம் யாரோ மாதிரி இருந்தது. ஆனால் சிரித்தாள். "போய் ஒரு கோப்பி குடிங்க" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

அவர் கோப்பி குடிக்கப் போகவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தாலியையாவது ஒரு தடவை தொட்டுக்கொள்ளலாம் என்று கைக்குட்டையை அவிழ்த்தார். நேற்று அவசரத்தில் திருநீற்றுப் பொட்டலத்தையும் அதிலேயே சுருட்டி வைத்திருந்தார். பொட்டலம் அவிழ்ந்து கிடந்தது. தாலியெல்லாம் சாம்பல். கொடியின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் சாம்பல். ஊதினார், சட்டையில் விழுந்தது. தட்டினார், கால்சட்டைக்குப் பரவியது. விரலால் தேய்த்தார், விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு சிட்டிகைதான், ஆனால் தொட்ட இடமெல்லாம் அதுவாக இருந்தது.

அப்போதுதான் டாக்டர் சொன்னது காதில் விழுந்த மாதிரி இருந்தது. கிருமி செத்துடும், சரி. மாவு சாகுமா?

மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துணி விரிகிறது. துளைக்குப் பக்கத்திலிருந்து சாம்பல் கொட்டுகிறது. திறந்த வயிற்றுக்குள் இறங்குகிறது. அவர் வைத்தது, அவர் கையால் வைத்தது. ஐயோ, செல்வநாயகி!

எழுந்து ஓடினார். சிவப்புக் கோடு வரை ஓடினார். அங்கே கால் தானாக நின்றுவிட்டது. தெருவில் நடந்த செருப்பு, சட்டையெல்லாம் சாம்பல், இந்தக் கோலத்தில் எப்படி உள்ளே போவது? உள்ளே பெண்டாட்டி உயிர். இருந்தும் அந்தக் கோட்டைத் தாண்ட அவருக்குக் கால் வரவில்லை. பெருவிரல் கோட்டில் முட்ட நின்றுகொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

"சிஸ்டர்! டோரதி சிஸ்டர்! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

கதவைத் தள்ளிக்கொண்டு டோரதி வந்தார். மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும் நெருப்பு. "என்ன சத்தம் இது? இது என்ன மீன் பாசாரா?" கத்தியது யார் என்று பார்த்ததும் குரல் இறங்கியது. "அப்புத்துரை அண்ணே? என்ன ஆச்சு?"

சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. சொல்லிவிட்டால் இருபத்திரண்டு வருஷத்துப் பேர் அந்த நிமிஷத்தோடு போய்விடும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை.

"என் கட்டைத் தொறக்காதீங்க சிஸ்டர்."

"எந்தக் கட்டு?"

"செல்வநாயகின்னு எழுதுன கட்டு. உள்ள திருநீறு இருக்கு. போர்வைத் துணி மடிப்புல."

டோரதியால் நம்ப முடியவில்லை. "யாரு வச்சது?"

"நான்தான். நான்தான் வச்சேன்." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

டோரதி ஒரு நொடிகூட நிற்கவில்லை. திரும்பி உள்ளே ஓடினார். "அந்தக் கட்டை யாரும் தொடாதீங்க! அப்படியே வெளிய அனுப்புங்க!" என்று அவர் போட்ட சத்தம் நடைபாதை வரை கேட்டது. இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"கடவுள் காப்பாத்தினாரு. வெளித்துணியைத்தான் பிரிச்சிருக்காங்க, உள்துணியை இன்னும் தொடல. ஆனா அண்ணே, அக்காவுக்கு மயக்கம் குடுத்தாச்சு. நேத்து சாயந்தரம் கடலுக்கு அக்கரையில, பிறையில, ஃபேக்டரி பஸ்ஸும் லாரியும் மோதி, ஆறு பேரை ஃபெர்ரியில ஏத்திக் கொண்டாந்தாங்க. அலமாரியே காலி. ஒரே ஒரு கட்டுதான் மிச்சம்." கொஞ்சம் தயங்கினார். "நோர்மா கட்டினது. நாடாவுல கோடு சரியா இருக்கு. உங்க கையெழுத்துதான் இல்ல. உங்க கையெழுத்து இல்லாததை நான் இதுவரைக்கும் எடுத்ததில்ல. இப்பப் புதுசா வேகவைக்கணும்னா முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் அக்கா மயக்கத்துல கிடக்கணும். சொல்லுங்க, எடுக்கட்டா?"

அப்புத்துரைக்கு மாஸ்க்குக்குள் அசைகிற நோர்மாவின் வாய் கண்முன் வந்தது. அந்தக் கட்டை நேற்றே பிரித்துப் பார்த்திருக்கலாமே! ஆனால் உடனே இன்னொரு கேள்வியும் வந்தது. பதினோரு வருஷம் அவள் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாரே, அந்த மாவுத் திட்டைத் தவிர ஒரு தப்பாவது கண்டாரா? ஒரு முடி? ஒரு கோணல் மடிப்பு? யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை.

"நோர்மா நல்லாத்தான் கட்டுவா சிஸ்டர்" என்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. "எடுங்க."

கதவு திரும்பவும் சாத்திக்கொண்டது. அவர் கோட்டை விட்டு நகரவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ, நோர்மா வந்து சட்டையைப் பிடித்து இழுத்து பெஞ்சில் உட்காரவைத்த பிறகுதான் கால் வலிப்பது தெரிந்தது. அவசரமாகத் துணி வேண்டும் என்று டோரதி கீழே போன் செய்திருக்கிறார். புதுக் கட்டுகளை ஆட்டோகிளேவில் ஏற்றிவிட்டு, பால் விடாத கோப்பி ஓவை பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறாள் நோர்மா. விஷயம் முழுக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எந்த ரகசியம் தங்கும்?

நன்றாகத் திட்டப்போகிறாள் என்று அப்புத்துரை காத்திருந்தார். மாவுக்காக அவளை அழவைத்தவர் ஆயிற்றே! திட்டினால் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்தார்.

நோர்மா பையில் உறிஞ்சுகுழாயைச் செருகி அவர் கையில் வைத்தாள். "குடிங்க அண்ணே. ஆறிடும்."

இரண்டு வாய் குடித்தார். பிறகு, கேட்கவே பயந்த மாதிரிக் கேட்டார். "நோர்மா, நேத்து அந்தக் கட்டு கட்டும்போதும் வாய் அசைஞ்சுதா?"

"அசைஞ்சிச்சு."

"என்ன பேசினே?"

"பேச்சு என்னா பேச்சு? பிஸ்மில்லா சொன்னேன்லா. அப்புறம், ஆண்டவனே, இதைப் போர்த்திப் படுக்குறவங்க நல்லா எழுந்திரிக்கணும்னு ஒரு வார்த்தை. எங்க அம்மா சோத்துப் பானை இறக்கினாலும் பிஸ்மில்லா சொல்லித்தான் இறக்குவாங்க. எனக்கும் பழகிப்போச்சு."

"பதினோரு வருஷமாவா?"

"ஒரு கட்டு விட்டதில்ல."

"ஏன் சொல்லல? நான் அவ்வளவு திட்டினேனே!"

"நீங்க எங்க கேட்டீங்க? வாயை மூடுன்னுதானே சொன்னீங்க!" நோர்மா சிரித்தாள். "சொன்னா அதையும் மாஸ்க்குக்கு வெளிய விட்டுட்டு வான்னு சொல்வீங்க."

அப்புத்துரை கதவைப் பார்த்தார். "அது செல்வநாயகிக்குப் போகும்னு நீ நினைச்சிருக்க மாட்டே."

"யாருக்குப் போகும்னு நமக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு? அதான் எல்லாருக்கும் சொல்லி வச்சிடுறது."

அப்புத்துரை கட்டிய கட்டுகள் எத்தனை ஆயிரம் இருக்கும்! எல்லாம் சுத்தம், குற்றம் சொல்ல முடியாத சுத்தம். அதில் யார் படுப்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அந்த ஒரு தடவைதான் தப்பும் செய்தார். வெட்கமாக இருந்தது. நோர்மாவின் தோளைத் தொட்டு ஏதோ சொல்ல வந்து, கையில் சாம்பல் இருப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தார். ஒரு சின்னப் போத்தலை ஆட்டிக் காட்டினார். உள்ளே பழுப்பாக ஏழு கற்கள். அப்புத்துரைக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லா இருக்காங்க" என்றார் டாக்டர். பிறகு மாஸ்க்கைக் கழற்றி அவரையே பார்த்தார். "அப்புத்துரை, நானும் தண்ணீர்மலைக்குப் போறவன்தான். நீங்க போட்டதை நீங்களே வந்து சொல்லலைன்னா என்ன ஆகியிருக்கும்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். முருகனுக்கு நெத்தி முழுக்க இடம் குடுங்க. வயித்தை மட்டும் எனக்கு விடுங்க."

"மன்னிச்சிடுங்க டாக்டர்."

"மேட்ரனுக்கு எழுதித்தான் ஆகணும்."

"நானே எழுதித் தர்றேன்" என்றார் அப்புத்துரை. அன்றைக்கே எழுதியும் கொடுத்தார், ஒரு வரி மறைக்காமல்.

சாயந்தரம் ஐந்து மணிக்கு வார்டில் செல்வநாயகி கண் விழித்துக் கிடந்தாள். உதடு காய்ந்திருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் டோரதியும் எட்டிப் பார்த்தார். "இப்ப பூசலாம் அண்ணே, நெத்தியில. ஆனா முதல்ல கையைக் கழுவுங்க" என்றார். அப்புத்துரை கழுவுதொட்டியில் முழங்கை வரை சோப்புப் போட்டு, நகக்கண் நகக்கண்ணாகத் தேய்த்து, ஐந்து நிமிஷம் கழுவினார். பக்கத்துக் கட்டில் சீனத்துக் கிழவி, இந்த ஆள் இன்னொரு தடவை அறுக்கப்போகிறானோ என்று பயந்து பார்த்தாள். திரும்பி வந்து, ஈரம் உலர்ந்த விரலால் பொட்டலத்தில் மிச்சமிருந்த திருநீற்றைத் தொட்டு மனைவி நெற்றியில் ஒரு கீற்று இழுத்தார். அவள் முகம் அவள் முகமாகத் திரும்பி வந்தது.

"என்னங்க, உங்க துணிதானே போர்த்துனாங்க?" என்று கேட்டாள், குரலே இல்லாமல்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அப்புத்துரையால் முடியவில்லை.

"இல்ல" என்றார். "நோர்மா கட்டுனது." எல்லாவற்றையும் சொன்னார். சிட்டிகையை, துளையை, கோட்டை, கத்தியதை.

செல்வநாயகி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சிரிக்கப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது. திருநீறு எனக்கா குடுத்தேன்? பயந்தது நீங்கதானே! உங்க நெத்திக்குத்தானே குடுத்தேன்!" கையைத் தூக்க முடியாமல் தூக்கி, அவர் விரலில் மிச்சமிருந்ததைத் தொட்டு அவர் நெற்றியில் வைத்தாள். அந்த வெறும் கழுத்தோடு, அந்த வார்டு வெளிச்சத்தில், அவள் அவ்வளவு அழகாக இருந்ததாக அவர் பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். காயம் துளி சீழ் இல்லாமல் ஆறியிருந்தது. மேட்ரனின் உத்தரவும் வந்தது. மூன்று மாதத்துக்கு அப்புத்துரை கட்டுகிற ஒவ்வொரு கட்டையும் நோர்மா பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

லீவு முடிந்து வேலைக்கு வந்த அன்றைக்கு, முதலாவது கட்டைக் கட்டி, அதை அவள் பக்கம் தள்ளினார். நோர்மா பிரித்தாள். மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தாள். திரும்பக் கட்டி, பேனாவை எடுத்தாள்.

"இரு, இரு" என்றார் அப்புத்துரை. "சொல்லிட்டியா?"

நோர்மா நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல. இது உங்க கட்டாச்சேன்னு..."

"சொல்லிடு" என்றார். "நான் இருக்கேன்."

மாஸ்க்குக்குள் அவள் வாய் அசைந்தது. அது அசைந்து முடிகிறவரை நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு ஒட்டினார்.